இருபது எண்ணும் வரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வாயாடி எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. குரல் அதே கணீர்தான். பக்கத்துத் தெருவில் போகிறவனைக்கூட இருந்த இடத்திலிருந்து நிறுத்திவிடுவார். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நீ எல்லாப் படத்திலும் இடைவேளைக்குள் செத்துத் தொலைக்கிறாய்.

வீட்டுக்கு டெலிபோன் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. நம்பர் வந்த அன்றே உனக்கு எழுதிப் போட்டேன். அதன் மேல் துணி போட்டு மூடி, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைக்கிறேன். இதுவரை அடித்ததெல்லாம் தப்பான நம்பர்தான். தெலுங்கு சினிமாவில் பெரிய ஆளாகிவிட்டாய், சரி. கூடப்பிறந்தவளோடு இரண்டு வார்த்தை பேச டைரக்டர் ஸ்டார்ட் சொல்ல வேண்டுமோ?

அப்பா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. முப்பத்தோரு வருஷமாகக் கேட்காதவர் டெலிபோன் வந்தவுடன் கேட்டுவிடப் போகிறாரா? ஆனால் யாரும் இல்லாதபோது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து அந்த ‘ங்ங்’ சத்தத்தைக் கேட்டுவிட்டு வைக்கிறார். நான் பார்த்துவிட்டால், "ஒட்டடை இருந்துச்சு"ங்கிறார்.

பஸ் டிப்போவில் நான் பார்த்துக்கொள்கிற தொலைந்த பொருள் அறை நிறைந்து வழிகிறது. போன வாரம் மட்டும் பதினேழு குடை. ஒரு பல்செட். ஒரு காது மெஷின், சட்டைப் பையில் வைக்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர், கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். இவ்வளவு பத்திரமாகச் சுற்றியவர் எப்படி விட்டுவிட்டு இறங்கினார் என்பதுதான் புரியவில்லை. ஒரு வருஷம் வைத்திருப்போம். யாரும் வராவிட்டால் ஏலம்.

நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் இருந்தால் அலட்சியம் பண்ணாதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், போன் பண்ணு.

உன் தங்கை

*

ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? என்னுடைய யோசனை என்று சொல்லாமல் கொடு.

டெலிபோன் பற்றி. ஸ்டுடியோ ஆபீசில் ஒரே இரைச்சல். அங்கே நின்று வீட்டு விஷயம் பேச எனக்கு வராது. கடிதம்தான் நல்லது, நீ திட்டியதை நாலு தடவை படிக்கலாம்.

இந்த மாதம் இரண்டு ஜட்ஜ், ஒரு டாக்டர். டாக்டர் வேஷம் தெரியுமே, ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றி, தலையை ஆட்டிவிட்டுப் போவேன். செட்டில் என் பெயரையே மறந்துவிட்டார்கள், எல்லாருக்கும் நான் ‘ஜட்ஜிகாரு’தான். வாசலில் நின்று மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டே காலம் தள்ளிய கோர்ட் டவாலியின் பிள்ளை, ஐம்பது படத்தில் ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு குறைதான். இங்கே டவாலியாக வருகிறவன் பெயரை ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவான். "மூணு தடவை கூப்பிடணும்ப்பா, அப்பத்தான் ஆள் வரலைன்னு கேஸ் கட்டை மடிக்கலாம்" என்பேன். "ஜட்ஜிகாரு, நீங்க வேற, ஃபிலிம் ஓடுது" என்பார்கள்.

ஒரு பத்திரிகையில் என்னைப் பற்றி நாலு வரி வந்திருக்கிறது. பதில் சொல்வதற்கு முன் நான் விடுகிற இடைவெளியில்தான் நடிப்பே இருக்கிறதாம். வெட்டி அனுப்பியிருக்கிறேன். தெலுங்கில் இருக்கிறது, எனக்கும் படிக்கத் தெரியாது, உனக்கும் தெரியாது. படம் நன்றாக வந்திருக்கிறது.

பிறகு, அந்தக் காது மெஷினைத் தேடி யாராவது வந்தார்களா? அது ஒரு காதுக்கா, இரண்டுக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நீ சுகமா என்பதுதான் இப்போது கேள்வி. உட்கார்ந்து படி.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பது உனக்குத் தெரியாது. அந்த வீட்டில் டிவி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் தெலுங்குப் படம் போடுவார்கள். அன்றைக்கெல்லாம் அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோரம் உட்காருவார். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். அங்கே ஜன்னலே கிடையாது, நான் ஒரு மக்கு.

போன ஞாயிறு நீ நடித்த படம். பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டி, "உங்கண்ணன் வந்துட்டார், ஜட்ஜ்"னு கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார். "இது அவன் குரல் இல்ல" என்றார்.

"அவர்தான்ப்பா, பாத்துட்டுத்தானே சொல்றாங்க" என்றேன்.

"மூஞ்சி அவனோடதா இருக்கும். குரல் அவனுது இல்ல. வேற எவனோ பேசறான். போன ரெண்டு படமும் இப்படித்தான். அவன் குரல் எங்க?"

 அப்புறம் டெலிபோனைப் பார்த்துச் சொன்னார்: "இதுல அவனைப் போட்டுக் குடு. அவன் குரலைக் கேக்கணும்."

அண்ணா, முப்பத்தோரு வருஷம். அம்மா போனபோதுகூட உன்னோடு பேசாத மனுஷன். சுவரோரம் உட்கார்ந்து எத்தனை படம் கேட்டிருப்பார்! இப்போது தினமும் காலையில் காபியை வாங்கிக்கொண்டே, "என்னாச்சு?" என்கிறார்.

உன் குரலை ஏன் வேறு ஆள் பேசுகிறான்? ஏன் போன் பண்ண மாட்டேன் என்கிறாய்? காது மெஷின் ஒரு காதுக்கா இரண்டுக்குமா என்று எதற்குக் கேட்டாய்? மூன்றுக்கும் ஒரே பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்று எழுது.

உடம்பைக் கவனி. பதில் உடனே போடு.

தங்கை

*

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவும் நீங்களும் நலமா? நான் மற்றபடி நலம்.

ஒரே பதில்தான்.

இரண்டரை வருஷம் ஆகிறது. வலது காது முதலில் போனது. இடதும் அதன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. நரம்பு என்கிறார் டாக்டர், ஆபரேஷன் கிடையாது. மெஷின் வைத்துக்கொண்டால் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறவர்கள் பேச்சு ஓரளவு கேட்குமாம். டெலிபோனுக்கு அதுவும் உதவாதாம். வாங்கவில்லை. கழுத்தில் வயர் தொங்க ஒரு நாள் செட்டுக்குப் போனால் மறுநாள் எனக்கு வேலை இல்லை. கதாநாயகனுக்கு இந்த மாதிரி ஏதாவது ஆனால் காத்திருப்பார்கள். கதாநாயகியின் அப்பாவுக்குக் காத்திருக்க மாட்டார்கள், வேறு அப்பா வருவார்.

இத்தனை நாள் எப்படி ஓட்டினேன் என்று கேட்பாய். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. கேமராவுக்குப் பின்னால் உதவி டைரக்டர் ஒருவர் நின்று வசனத்தைச் சத்தமாகப் படிப்பார், நான் கேட்டுக் கேட்டுச் சொல்வேன். பிராம்ப்டிங் என்பார்கள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் நடிக்கிறார்கள். காது போன பிறகு அந்தப் பிராம்ப்டரிடம் மட்டும் சொன்னேன். என் வயசுக்காரர், நல்ல மனுஷன். முதல் நாளே என் அறைக்கு வந்து இடது காதில் வாயை வைத்துக் கத்துவார். நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். தெலுங்கில் நாலு ‘க’ இருக்கிறதே, மேலே ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக்கொள்வேன். எங்களுக்குள் தினமும் சண்டை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. என் வசனம், எதிராளி வசனம் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிவிடுவேன். ஷாட்டில் எதிராளி பேசி முடித்ததும் பிராம்ப்டர் கையிலிருக்கும் கைக்குட்டையைக் கீழே இறக்குவார். அதைப் பார்த்து நான் ஆரம்பிப்பேன். பத்திரிகைக்காரன் புகழ்ந்த இடைவெளி இதுதான், கைக்குட்டை இறங்குகிற நேரம்.

டப்பிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே காதில் மாட்டி, கேட்டுப் பேச வேண்டும். தொண்டை கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஒரு தம்பி எனக்குப் பேசுகிறான். நன்றாகப் பேசுகிறான் என்கிறார்கள், எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை பேரை ஏமாற்றியவன், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை ஏமாற்ற முடியவில்லை.

இப்போது ஒரு படம் கிடைத்திருக்கிறது. இதில் நான் ஜட்ஜ் இல்லை, குற்றவாளிக் கூண்டில் நிற்கிற அப்பா. முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை இருக்கிறேன், சாகவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. மார்ச் முழுக்க தேதி கொடுத்தாயிற்று, நடுவில் நகர முடியாது. ஏப்ரல் கடைசியில் நேரில் வருகிறேன். அதற்குள் அப்பா கேட்டபடி டெலிபோனில் பேசுகிறேன். வழி இருக்கிறது. அவர் என்னவெல்லாம் கேட்பார் என்று நீ முன்கூட்டியே எழுதி அனுப்பு. எவ்வளவு நேரம் பேசுவார் என்பதையும் எழுது. நான் எண்ணிக்கொண்டே பேசிவிடுவேன். நூறு சீன் அப்படிச் செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணிக் கொடு. அப்பாவிடம் சொல்லக் கூடாது. ஜட்ஜ் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து எனக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை வாங்கி வைத்திருந்தார். சேர வேண்டிய அன்று நான் ஓடி வந்தேன். வாசலில் அவர் கடைசியாகச் சொன்னது நினைவிருக்கிறதா? "நான் சொல்றது உன் காதுல ஏறல இல்ல? இனிமே சொல்ல மாட்டேன்." இப்போது போய் ஏறவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள். அழாதே, உனக்கு மூக்கடைக்கும்.

அண்ணன்

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். எனக்கு மூக்கடைத்து ஒரு வாரமாகிறது, நீ சொல்லிவிட்டாய் அல்லவா.

திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இரண்டரை வருஷம் தனியாக வைத்துக்கொண்டு என்னத்தைச் சாதித்தாய்? போகட்டும். அப்பாவிடம் சொல்லிவிடுவதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். "அவன் குரல் எங்க?" என்று கேட்கிறவர், காது எங்கே என்றா கேட்கப் போகிறார்? ஆனாலும் சத்தியம் என்று எழுதிவிட்டாய். சொல்ல மாட்டேன்.

பிராம்ப்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவர் ரிசீவரில் கேட்டுக் கையைக் காட்டட்டும். இதையாவது கேள்.

மார்ச் 16, ஞாயிறு, காலை பதினோரு மணி. நான்தான் எடுப்பேன். அப்பாவைக் கூப்பிட்டு, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ரிசீவரை வாங்க நேரமாகும். நேற்று நடக்க வைத்துப் பார்த்தேன். இருபது எண்ணு. அப்புறம் "அப்பா, நான்தான்" என்று ஆரம்பி. அவர் உடனே பேச மாட்டார். ஐந்து எண்ணு. "சாப்டியா?" என்பார். யாராக இருந்தாலும் முதலில் அதுதான் கேட்பார். சாப்பிட்டேன் என்று சொல்லி, அவர் முழங்காலை விசாரி. அதற்குப் பத்து எண்ண வேண்டும், வலியைப் பற்றி ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். குரல் ஏன் மாறியது என்று கேட்பார். தொண்டையில் புண், இப்போது சரியாகிவிட்டது என்று சொல். கடைசியில் ஏப்ரலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு எண்ணு. அந்த எட்டுக்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வா என்பாரோ வராதே என்பாரோ. நான் பக்கத்தில் நின்று கேட்டு உனக்கு எழுதுகிறேன்.

நிதானமாகப் பேசு. அதற்குள் உனக்கு ஜலதோஷம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்.

தங்கை

*

மார்ச் 16

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலம், நலம். அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

பேசிவிட்டேன். ஒரே டேக்.

பிராம்ப்டர் வருகிறேன் என்றுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அப்பா இத்தனை வருஷம் கழித்துப் பேசுவதை இன்னொருத்தர் காது வழியாக வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் காதுக்கு எட்டாவிட்டாலும் அது எனக்கு வந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பத்து நாள் ஒத்திகை பார்த்தேன். தெருக்கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் பூத் இருக்கிறது. அந்தப் பக்கம் எடுத்ததும் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். அப்போது கண்ணாடியில் கையை வைத்துக் காட்டச் சொல்லிப் பூத்காரரிடம் ஏற்பாடு. கையை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டேக்குக்கு முன்னால் எனக்கு அது பழக்கம். இருபது எண்ணினேன். "அப்பா, நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே நெஞ்சில் அதிர்வாகத்தான் தெரிந்தது. ஐந்து. சாப்பிட்டேன்ப்பா. பத்து. தொண்டைப் புண். நீ எழுதாத ஒன்றையும் நானாகச் சேர்த்தேன், "அன்னிக்குச் சொல்லாம போனது தப்புப்பா" என்று. அதற்கு எத்தனை எண்ணுவது என்று தெரியாமல் முப்பது எண்ணினேன். ஏப்ரலில் வருகிறேன். எட்டு. வைத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் முகமெல்லாம் ஈரம். பூத்காரர் கதவைத் திறந்து மீட்டரைக் காட்டி என்னவோ சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். படத்தில் பார்த்திருப்பார்போல, அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாமல் எழுது. அந்த முப்பதுக்கு என்ன சொன்னார்?

அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. நீ நன்றாகத் தூங்கு.

அண்ணன்

*

ஏப்ரல் 4

அன்புள்ள தங்கைக்கு,

சுகமா? பதினெட்டு நாளாகத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறேன். நாளை வெளியூர் ஷூட்டிங், இருபது நாள். இருக்கிற இடம் அங்கே போனால்தான் தெரியும். இந்த அறை விலாசத்துக்கே எழுது, வந்ததும் படிக்கிறேன்.

திட்டியிருந்தாலும் பரவாயில்லை, எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. தந்தி உன் கதவுக்கு அடியில் கிடந்திருக்கும், இதற்கு முன்னால் அதைப் பார்த்திருப்பாய். ஏப்ரல் எட்டாம் தேதி மத்தியானம் அப்பா போய்விட்டார். ஐந்து நாள் மார்ச்சளி. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான். நான் தட்டை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தேன், அவ்வளவுதான். நீ எங்கே இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் ஸ்டுடியோ ஆபீசுக்குப் போன் பண்ணினேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம்.

நீ கேட்டிருந்தாய். தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அன்றைக்கு அப்பா எல்லாம் கேட்டார். "நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். உன்னை நினைச்சா பெருமையா இருக்கு. நீ நல்லா இருந்தா அதுவே போதும்" என்றார். அந்த முப்பதுக்கு, "உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றார். சந்தோஷமாகத்தான் போனார்.

நீ மனசைத் தேற்றிக்கொள். சாப்பிடு.

தங்கை

*

மே 1

அன்புள்ள தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உன்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டேன். இருபது நாளும் மலையடிவாரத்தில் கூண்டுக் காட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒருவேளை யாராவது முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார்களோ என்னவோ.

தந்தியையும் உன் கடிதத்தையும் சேர்த்துத்தான் படித்தேன். கடிதத்தை மட்டும் இன்னும் நாலு தடவை.

‘உன்னை நினைச்சா பெருமையா இருக்கு’ என்பதைப் பத்தொன்பது படத்தில் நான் சொல்லியிருக்கிறேன். ‘எப்பவோ மன்னிச்சுட்டேன்’ என்பது போன வருஷம் மட்டும் மூன்று தடவை. எங்கள் வசனகர்த்தா காபி வருவதற்குள் எழுதித் தருவார். உனக்கும் நன்றாக வருகிறது. ஆனால் நம் அப்பா இப்படிப் பேசுகிற ஆளா? அவர் வாயிலிருந்து ‘பெருமை’ என்று ஒரு வார்த்தை வந்து நீ கேட்டிருக்கிறாயா?

காது கேட்காதவனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். செட்டில் அதைத்தான் செய்வார்கள் என்று பயந்து இரண்டரை வருஷம் மறைத்தேன். நீயும் செய்யாதே. நடந்ததை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மே 9

அண்ணா,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

இருபது எண்ணச் சொன்னது நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அப்பா விடியும்போதே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஏழு மணிக்கே நாற்காலியை டெலிபோன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுவரோரம் இருந்து நடந்து வருவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மணி அடித்ததும் நான் எடுத்தேன். "யாரு" என்று கேட்பதற்குள் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிவிட்டார்.

ஹலோ என்று சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கோர்ட் வராந்தாவில் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் கூப்பிட்டார். உன் வீட்டுப் பெயர் இல்லை, சினிமாப் பெயரும் இல்லை. முதலில் தன் பெயரைச் சொன்னார். அப்புறம் ‘மகன்’ என்றார். அப்புறம் பள்ளிக்கூடத்தில் போட்ட உன் முழுப் பெயர். தெருவே கேட்டிருக்கும்.

நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டார், அதே மாதிரி. அப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, நீ அங்கே எண்ணிக்கொண்டிருக்கிறாய். "அப்பா, அவருக்குக் காது"ன்னு சொல்ல வாய் வந்தது. சத்தியம் என்று நின்றுவிட்டேன். ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கினவள், அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது தடவை ரொம்ப மெதுவாகக் கூப்பிட்டார். பக்கத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

அப்புறம் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். "ஆள் வரல. கட்டை மடிச்சிடு" என்றார். நீ இருபது எண்ணி முடித்தபோது இங்கே டெலிபோன் மேல் நான் துணியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். நீ பேசியதெல்லாம் யாருக்கும் வந்து சேரவில்லை. பூத்காரர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தச் சட்டையைச் சாயங்காலம் வரை கழற்றவில்லை. மறுபடி அடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. உன்னைத் திருப்பிக் கூப்பிட, நீ பேசிய இடத்து நம்பர் என்னிடம் இல்லை. மூன்று நாளில் உன் கடிதம் வந்தது, ஒரே டேக் என்று. அதற்கு என்ன பதில் எழுத? ஏப்ரலில் நேரில் வருகிறாயே, பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும், அதுவரை சத்தியமும் உடையாது என்று தள்ளிப் போட்டேன். காய்ச்சல் வந்த அன்று சொல்லிவிடலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. இதில் நானாக எழுதியது ஒன்றும் இல்லை.

நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது.

தங்கை

*

ஜூன் 2

அன்புள்ள தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளில் சமைக்காமல் இருக்கிற பழக்கத்தை விடு.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியம் வாங்கியது நான், பிராம்ப்டரை வேண்டாம் என்றது நான், கண்ணை மூடியதும் நான். அவர் தன் பெயரோடு சேர்த்து என்னைக் கூப்பிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரியை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்தக் கோர்ட் காட்சி. நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிடுவான். மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்று நான் முன்பே மன்றாடி வைத்திருந்ததை இந்த டைரக்டர் ஒத்துக்கொண்டிருந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. மூன்றாவது தடவை கூப்பிட்டு, கைக்குட்டை இறங்கிய பிறகுதான் நான் எழுந்திருக்க வேண்டும்.

டவாலி வாயைத் திறந்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது. முதல் தடவையிலேயே எழுந்துவிட்டேன். "இருக்கேன்பா, இங்கதான் இருக்கேன்" என்று தமிழில் சொல்லியிருக்கிறேன். கட். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது டேக், அதே மாதிரி எழுந்தேன். மூன்றாவது டேக்கில் பிராம்ப்டர் கண்ணாலேயே கெஞ்சினார், உட்காருங்க என்று. அவன் வாயைத் திறந்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நான் தூண் பக்கம் திரும்பி நின்றேன். டைரக்டர் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் முன்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பிராம்ப்டர் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். வசனத் தாளைத் திருப்பி எதையோ எழுதி நீட்டினார். "எத்தன நாளான்னு கேக்கறார்" என்று பிராம்ப்டர் என் காதில் கத்திச் சொன்னார். அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

மிச்சக் காட்சிகளை இரண்டு நாளில் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தத் தம்பிதான் குரல் கொடுக்கிறான். அடுத்த மாதம் வருவதாக இருந்த ஜட்ஜ் வேஷமும் டாக்டர் வேஷமும் வேறு ஆளுக்குப் போய்விட்டன. யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரிந்திருக்காது. அறையைக் காலி பண்ணப் போகிறேன். பிராம்ப்டர் கைக்குட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அந்தக் காது மெஷினைத் தேடி யாரும் வரவில்லை என்றால் ஏலத்துக்கு அனுப்பும்போது எனக்குச் சொல். வயர் வெளியே தெரிந்தாலும் இனி பரவாயில்லை. எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். உனக்கு நிதானமாகப் பேச வருமா என்பதுதான் சந்தேகம்.

பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். கூட்டமாக இருக்கும். என்னைப் பார்த்தால் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதே. தோளைத் தொடு. ஒரு தடவை தொட்டாலே திரும்பிவிடுவேன்.

உன் அண்ணன்